வழுக்கி விழுந்தவர்கள்

ஜூலை 5, சனி. உலு திராம், வீடு. காலையிலேயே புழுக்கம்.

இன்று சொல்லாதது: "அவங்க வழுக்கி விழல, டாக்டர்."

நாலு சொல். நாக்கு நுனிவரை வந்தது. திரும்பிப் போய்விட்டது.

கிளினிக்கில் நடுவில் தேவி அண்ணி. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். டாக்டர் சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அண்ணியின் இடது காதுக்குள் விளக்கை வைத்து வெகு நேரம் பார்த்தார். சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். எப்படி நடந்தது என்று மலாயில் கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா." அம்மாவின் மலாய் நன்றாக இருக்கும்.

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தேன்.

"வழுக்கி விழுந்தால் சவ்வு கிழியாது." யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டே சொன்னார். சொட்டு மருந்து, மாத்திரை, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். கடிதத்தை அம்மா கைப்பையில் வைத்துக்கொண்டார். அது இனி வெளியே வராது.

நடந்தது: நேற்று மாலை ஏழரை. அண்ணன் சிங்கப்பூரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தார், எல்லைப் பாலத்தில் இரண்டு மணி நேர நெரிசல். மூன்று தடவை போன் அடித்திருக்கிறார். வாஷிங் மிஷின் சத்தத்தில் அண்ணிக்குக் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. விரித்த கையால் ஒரே அடி. அண்ணி கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உடைந்தது. அண்ணி முதலில் குனிந்து தட்டின் துண்டுகளைத்தான் பொறுக்கினார். அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். அகப்பையிலிருந்து ரசம் சொட்டியது.

திரும்பும்போது காரில் அம்மா: "குடும்பம்னா ஆயிரம் இருக்கும் பாப்பா. நீ உன் படிப்ப பாரு."

பின் சீட்டில் அண்ணி: "உள்ளுக்குள்ள மோட்டார் ஓடற மாதிரி இருக்கு லா, பவா." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

வாங்க: மெல்லிய தூரிகை இரண்டு (லேபில் வெள்ளிப் பூச்சுக்கு). பஞ்சு. ரொட்டி.

ஜூலை 7, திங்கள். பத்து பாகாட், பல்கலைக்கழகம். மழை வருவது போல் இருந்தது, வரவில்லை.

காலை 8.10 லேப். ஃபர்னஸ் திறந்தேன். ஆயிரத்து ஐம்பது டிகிரியில் பத்து மணி நேரம் வெந்த வில்லைகள், பன்னிரண்டு. மூன்றில் விரிசல். ஒன்று கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது, எடுக்கும்போது இரண்டாகப் போனது.

என் வேலையை அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கால்சியம், காப்பர், டைட்டானியம், மூன்றின் தூளையும் கலந்து அரைத்து, பிரஸ்ஸில் அழுத்தி வில்லையாக்கி, சுட்டு எடுக்கிறது. பத்துக் காசு அளவு, கருப்பு. அதற்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கலாம், நிறைய. ஆனால் கசியும். டைட்டானியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஜிர்கோனியம் போட்டால் கசிவு குறைகிறதா, எவ்வளவு போட்டால், உள்ளே அமைப்பு எப்படி மாறுகிறது. இவ்வளவுதான் என் மூன்று வருடம். அம்மா கேட்டுவிட்டு, "மண்ணு பிசையறதுக்கா பாப்பா இவ்வளவு படிச்ச?" என்றார். தப்பு இல்லை.

நாலு தொகுதி: ஜி-0, ஜி-1, ஜி-2, ஜி-5. எண் கூடக் கூட ஜிர்கோனியமும் கூடும். நம்பிக்கை ஜி-2இல்.

லாக்புக்கில் வெள்ளிக்கிழமை வரி எழுதினேன்.

இதை இங்கே ஒருமுறையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். லேபின் லாக்புக் தடித்த அட்டை, பக்கத்துக்கு எண் அச்சடித்தது. பேனாவால்தான் எழுத வேண்டும். தாள் கிழிக்கக் கூடாது. தப்பு செய்தால் ஒற்றைக் கோடு, அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். திங்கள்தோறும் ஹஸ்னா மேடம், என் ஆய்வு வழிகாட்டி, பக்கத்தின் அடியில் கையெழுத்தும் தேதியும் போடுவார். ஜனவரியிலிருந்து, வீட்டில் அண்ணன் அடித்த வாரமெல்லாம், திங்கள் பக்கத்தின் கடைசியில் தமிழில் ஒரு வரி. நாள், நேரம், எங்கே அடி, எதனால். இன்றோடு பதினொன்று.

மேடம் பிப்ரவரியில் கேட்டார், இது என்ன எழுத்து? என் சொந்தக் குறிப்பு என்றேன். "அழகான எழுத்து, வட்டம் வட்டமாக," என்று சொல்லிவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஏன் லாக்புக்கில்? இந்த நோட்டு என்னோடு வீட்டுக்கு வரும். லாக்புக் லேபை விட்டு வெளியே போகாது.

மாலை: பிரஸ்ஸின் கைப்பிடி கழன்று வந்துவிட்டது. முழங்கை நீள இரும்புக் கம்பி, அதை ஏற்றி இறக்கித்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். அடி மரை தேய்ந்துபோயிருக்கிறது. மேலதிகாரிகளுக்கு எழுதினால் இரண்டு மாதம் ஆகும். அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். உடனே பதில்: "கொண்டா, நான் மரை சீவி தரேன்." அண்ணனுக்குச் சிங்கப்பூரில் கடைசல் மிஷினில்தான் வேலை.

பதினோராவது வரியை எழுதிய அதே கையால் அண்ணனுக்குக் கைகூப்பும் படம் அனுப்பினேன்.

ஜூலை 9, புதன். வெயில்.

இன்று முறிவுச் சோதனை. வில்லையை எண்ணெயில் அமிழ்த்தி, இரண்டு பக்கமும் முனை வைத்து, வோல்ட்டை மெல்ல ஏற்ற வேண்டும். எங்கே தாங்கவில்லையோ அங்கே ஒரு 'டப்'. அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் ஊசியைவிட மெல்லிய துளை, சுற்றிக் கருப்பு வளையம். ஒரு வில்லையை ஒருமுறைதான் சோதிக்கலாம்.

ஆறு வில்லை. ஆறும் செத்தன. ஒவ்வொரு 'டப்'புக்கும் தோள் குலுங்குகிறது, இத்தனை மாதத்துக்குப் பிறகும். பக்கத்து மேசைப் பையன்கள் சிரிக்கிறார்கள். ஒருவன்: "அலமாக், பவானி, நீயே வைத்த வெடிக்கு நீயே பயப்படுகிறாய்."

அண்ணியை நினைத்தேன். உடனே அருவருப்பாக இருந்தது. அண்ணி வில்லை இல்லை. கதைப் புத்தகம் நிறையப் படித்தால் வருகிற வியாதி இது, எதைப் பார்த்தாலும் இன்னொன்றைப் போல இருப்பது. அண்ணிக்கு முப்பத்திரண்டு வயது. பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. மீன் கறியில் மாங்காய் போடுவார். சிறு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு காது போயிருக்கிறது.

நான் சோதனையை நிறுத்தலாம், வோல்ட் என் கையில் இருக்கிறது. வீட்டில் யார் கையில்?

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடாமல் காரில் உட்கார்ந்து அண்ணனை அடிப்பது போல் நினைத்துப் பார்த்தேன். முகத்தில். திரும்பத் திரும்ப. நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 12, சனி. உலு திராம்.

பேசி முடித்தார்கள்.

அண்ணியின் தம்பி குமார் சிம்பாங் ரெங்கத்திலிருந்து லாரியிலேயே வந்துவிட்டார். எண்ணெய்ப் பனைக் குலை ஏற்றுகிற லாரி, எங்கள் டாமான் குடியிருப்பில் நிறுத்த இடமில்லாமல் சாலை முனையில் நின்றது. அம்மா பதறிப்போய் கோயில் தலைவரை வரவழைத்தார். தலைவர் வீட்டுக்குள் வந்ததும் காற்றாடியை மூன்றில் வைக்கச் சொன்னார்.

குமார்: "மச்சான், எங்கக்காவுக்கு காது கேக்கல. நீங்க என்ன செஞ்சீங்க, நேரா சொல்லுங்க."

அண்ணன்: "வழுக்கி விழுந்தா லா."

"உங்க வீட்டு பாத்ரூமுக்கு கை இருக்கா மச்சான்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவர்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு குமார் என் பக்கம் திரும்பினார். "இவங்க படிச்சவங்க. பொய் சொல்ல மாட்டாங்க. பவானி, சூடத்த அணைச்சு சொல்லுங்க. அடிச்சாரா இல்லையா?"

சாமி அலமாரி முன்னால் தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையால் அதை அடித்து அணைத்துச் சொன்னால் சத்தியம். பொய்யென்றால் சாமி கேட்கும். இங்கே பிரச்சினைக்கெல்லாம் இதுதான் கடைசி. போலீசுக்குப் போனவர்களைவிடச் சூடத்துக்குப் போனவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

எழுந்தேன். உண்மையாகவே எழுந்தேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "கல்யாணமாகாத பொண்ணு சூடம் அணைக்கக் கூடாது."

அப்படி ஒரு விதி உண்டா? தலைவரே அம்மாவை வியப்பாகப் பார்த்தார். ஆனாலும் நான் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் நகம் பதிந்த நாலு பிறை இப்போதும் இருக்கிறது.

அண்ணன் தானே முன்னால் வந்தார். "நடந்தது நடந்துபோச்சு. இனிமே அவ மேல கை வச்சா இந்தக் கை வெளங்காம போகட்டும்." வலது கையால் சூடத்தை அணைத்தார். உள்ளங்கையில் கரி. அண்ணன் கண்ணில் தண்ணீர். பொய்க் கண்ணீர் இல்லை. அந்த நேரத்தில் அவர் அதை நம்பினார். எல்லாரும் நம்பினார்கள். குமார்கூட அண்ணன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அம்மா மைலோ கலக்கப் போனார்.

அண்ணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் குமாருக்கு வலப் பக்கம் உட்கார்ந்திருந்தார். குமார் கடைசியில் ரகசியமாக ஏதோ கேட்டார், அண்ணியின் இடது காதில். அண்ணிக்குக் கேட்கவில்லை. சும்மா சிரித்தார்.

ஜூலை 13, ஞாயிறு.

கைப்பிடியை அண்ணனிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவன்டா இத இப்படி கொன்னு வச்சான்?" கட்டைவிரலால் மரையைத் தடவினார். இரும்பைத் தொடும்போது அண்ணன் கை எவ்வளவு பதமாக இருக்கிறது.

அப்பா போனபோது எனக்கு ஒன்பது, அண்ணனுக்குப் பத்தொன்பது. சைக்கிள் கற்றுத் தந்தவர் அவர்தான். பள்ளி ரிப்போர்ட் கார்டில் பெற்றோர் கையெழுத்தும் அவர்தான். என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? லாக்புக்கில் இதற்கு வரி இல்லை.

ஜூலை 16, புதன். பத்து பாகாட்.

ஜி-2! கசிவு பாதிக்குக் கீழே, சேமிப்பு கொஞ்சம்தான் இறங்கியது. மூன்று முறை அளந்தேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "மறுபடி ஒரு தொகுதி அழுத்து, அதுவும் இப்படியே வந்தால் எழுதத் தொடங்கு," என்றார். அழுத்தக் கைப்பிடி வேண்டும். சனிக்கிழமை வரும் என்றேன்.

மாலை அண்ணியிடம் போனில் பேசினேன்.

"எப்படி இருக்கீங்க அண்ணி?"

"நல்லாருக்கேன் லா. உங்க அண்ணன் இப்ப தட்டுகூட கழுவறாரு." குரலைத் தாழ்த்தினார். "பவா, உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா? அடிக்காம இருக்கறப்பதான் ரொம்ப பயமா இருக்கு. எப்பன்னு தெரியல."

ஜூலை 20, ஞாயிறு.

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

சனி, மாலை ஐந்து. அண்ணன் கைப்பிடியை நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். பிரித்தேன். புது மரை, வெள்ளிபோல் மின்னியது. பழைய துருவைக்கூடத் தேய்த்து எடுத்திருந்தார். "இனி நழுவாது. உன் டாக்டர் பட்டத்துல எனக்கும் பங்கு உண்டு." நான் சிரித்தேன்.

அடுப்படியில் அண்ணியின் போன் அடித்தது. குமார். அண்ணி சொன்னது எனக்குக் கேட்டது: "இல்லடா, இன்னும் கேக்கல. அந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணன் எழுந்து போனார். நடையில் ஒன்றும் தெரியவில்லை. "யார்கிட்ட புகார் சொல்ற?" முடியைப் பிடித்து அலமாரிக் கதவில் அண்ணியின் முகத்தை மோதினார். ஒரு முறை. இரண்டு முறை. கதவின் கீல் பிய்ந்தது. போனில் குமார், "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே இருந்தார். அண்ணி விழுந்தார். வயிற்றில் உதை. பிறகு அண்ணன் மேலே குனிந்து வலது கையால் கழுத்தைப் பிடித்தார். அண்ணியின் குதிகால்கள் தரையில் அடித்தன. அந்தச் சத்தம்.

அம்மா வாசலில் நின்று கத்தினார். "டேய், சூடம் டா! சூடம் அணைச்சிருக்கடா!"

விடு என்று கத்தவில்லை. சூடம் என்றுதான் கத்தினார்.

நான் கைப்பிடியை வைத்திருந்தேன். அடித்தேன். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. பிடி விட்டது. அண்ணி இருமினார், மூச்சு வந்தது.

அண்ணன் தன் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுபடியும் அடித்தேன். அதே இடத்தில். இரண்டாவதில்தான் எலும்பின் சத்தம் வந்தது.

இரண்டாவது அடி தேவைப்படவில்லை. இதை எழுதிவிட்டேன். ஒற்றைக் கோடுகூடப் போட மாட்டேன்.

பிறகு அதே கிளினிக். காரை நான்தான் ஓட்டினேன். முன்னால் அண்ணன், மடியில் கை. பின்னால் அம்மா, அண்ணி. சிக்னலில் அண்ணன், "லேன் மாறு, லெஃப்ட்ல போ," என்றார். வண்டி ஓட்டக் கற்றுத் தந்ததும் அவர்தான்.

அதே டாக்டர். அண்ணனின் கையைப் பார்த்தார். எப்படி நடந்தது?

அம்மா: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்."

அதே வாக்கியம். அதே குரல். மலாயில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

டாக்டர் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். இந்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை.

"அவர் வழுக்கி விழவில்லை. நான் அடித்தேன். இரண்டு அடி. முதல் அடி, அவர் அண்ணியின் கழுத்தைப் பிடித்திருந்தபோது. இரண்டாவது, விட்ட பிறகு."

மலாயில் சொன்னேன். குரல் சாதாரணமாக வந்தது.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "பவா, வேணாம் லா. வழுக்கிதான் விழுந்தேன்," என்றார். என்னைக் காப்பாற்றவா, தங்கை கையால் அடி வாங்கியது வெளியே தெரியக்கூடாதென்றா? இப்போதும் தெரியவில்லை.

அம்மா என் முதுகில் குத்தினார். டாக்டர் முன்னாலேயே. "வாய மூடு, வாய மூடுடி."

கதவோரம் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தார். மூக்கில் வைத்திருந்த துண்டை எடுத்தார். கழுத்தில் விரல்கள் பதிந்து சிவந்திருந்தது. டாக்டரைப் பார்த்து, தன் உடைந்த மலாயில்:

"நானும் விழவில்லை. அன்றைக்கும் விழவில்லை."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

ஜூலை 24, வியாழன். பத்து பாகாட். மழை.

அண்ணன் காவலில். மணிக்கட்டில் இரண்டு திருகாணி வைத்திருக்கிறார்கள். பழையபடி கடைசல் வேலை செய்ய முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அண்ணி சிம்பாங் ரெங்கத்தில், குமார் வீட்டில். அண்ணன் அருகே வரக்கூடாதென்று பாதுகாப்பு உத்தரவு. மூக்கெலும்பு கூடும். இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பாது. இரண்டு வாரம் முன்பே காட்டியிருந்தால், என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்தக் கடிதம் அம்மாவின் கைப்பையில்தான் இருந்தது.

வாக்குமூலத்தில் லாக்புக்கைப் பற்றியும் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை போலீஸ்காரம்மா லேபுக்கே வந்து லாக்புக்கை எடுத்துக்கொண்டு போனார். போகுமுன் பதினொரு வரியையும் படித்துக் காட்டச் சொன்னார். ஹஸ்னா மேடம் நின்றபடியே கேட்டார். நான் ஒவ்வொன்றாக மலாயில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் கீழும் இருந்த தன் கையெழுத்தை விரலால் தொட்டார். சாட்சியாக அவர் பெயரும் எழுதப்பட்டது. ஜி-2இன் அளவுகளும் அதே புத்தகத்தில்தான். நகல் மட்டும் என்னிடம்.

என் மேலும் ஒரு கோப்பு திறந்திருக்கிறார்கள். இரண்டாவது அடிக்கு.

அம்மா என்னோடு பேசுவதில்லை. கோயிலில் எல்லாரிடமும், சூடம் கேட்டுவிட்டது, சாமிதான் அவன் கையை ஒடித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். குமார் போனில் சொன்னார். அங்கே எல்லாரும் நம்புகிறார்களாம்.

கைப்பிடி போலீசில். புது மரையோடு, பிளாஸ்டிக் பையில், எண் போட்டு.

பிரஸ் நிற்கிறது.